மெஷினுக்குச் சுரை வைத்த கதை

என் வயசுச் செட்டுக்காரிகள் யாராவது இதைப் படித்தால் முதலில் காதைத் தொட்டுப் பாருங்கள். திருகாணி இறுக்கமாக இருக்கிறதா? இருந்தால் சரி, உட்கார்ந்து நிதானமாகப் படிக்கலாம். நம் காலத்தில் காதில் கிடந்தது இன்றைக்குப் பேத்திகள் மாட்டிக்கொண்டு திரிகிற கொக்கி வளையம் இல்லை. தோட்டின் பின்னால் ஒரு சின்னக் குழல் இருக்கும், அதற்குள்ளே மரை. குழலைக் காதுத் துளையில் நுழைத்து, பின்னாலிருந்து திருகாணியைத் திருகிப் பூட்ட வேண்டும். அந்தக் குழலுக்குச் சுரை என்று பெயர். உள்ளே இருக்கிற மரை தேய்ந்துவிட்டால் திருகாணி சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும், பூட்டாது. அப்புறம் தோடு எங்கே விழுந்தது என்று வீடே குனிந்து தேடும்.

இதை இப்போது சொல்லக் காரணம் என் மருமகன்தான். போன மாதம் பரணைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று ஏறியவர் ஒரு பழைய மெஷினோடு இறங்கிக்கொண்டே, "இதை எடைக்குப் போட்டுரவா மாமி?" என்று கேட்டார். நான் போட்ட சத்தத்தில் பாவம், மனுஷன் ஏணியிலேயே நின்றுவிட்டார். அது மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மின்சார மெஷின். மோட்டார் கருகிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனால் சாய்த்துப் பார்த்தால் அடித்தட்டுக்கு மேலே நாலு மூலையிலும் மஞ்சளாக நாலு பித்தளைப் பொட்டு தெரியும். அந்த நாலும் இன்றைக்கும் அசையவில்லை. அவை அங்கே வந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

எனக்கு அப்போது பதினோரு வயது. கச்சான் காற்று தொடங்கியிருந்தது. தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் மாறி மாறி வீசி, வாசல் மணலை அள்ளிச் சோற்றில் போடுகிற காற்று. ஜன்னல் கம்பியை நக்கினால் உப்புக் கரிக்கும். நக்கிப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். பள்ளிக்கூடம் லீவு. அந்த லீவில்தான் வாப்பா வளைகுடாவிலிருந்து வந்தார்.

கடல் தாண்டிச் சம்பாதிக்கப் போகிறவர்களை எங்கள் ஊரில் சபுராளி என்போம். வாப்பா அங்கே ஒரு மரச்சாமான் பட்டறையில் வேலை பார்த்தார். அந்தப் பதினோரு வருஷத்தில் அவரை நான் கண்ணால் பார்த்தது எல்லாம் சேர்த்தால் ஏழெட்டு மாதம் தேறும். மற்ற நேரமெல்லாம் அவர் எனக்கு ஒரு கடிதக் கையெழுத்து, அப்புறம் கேசட்டில் வருகிற ஒரு குரல். அந்தக் கேசட்டில் அவர் எனக்கென்று தனியாகப் பேசுகிற இடம் வந்தால் உம்மா டேப்பைச் சத்தமாக வைப்பார். "நல்லாப் படிக்கணும், உம்மா சொல்றதக் கேக்கணும்" என்று இருக்கும். ஒவ்வொரு கேசட்டிலும் அதேதான். அதைக் கேட்டே நான் அழுவேன்.

இந்தத் தடவை அவர் அடுப்படியில் உம்மாவிடம் மெதுவாகச் சொன்னதை நான் கேட்டுவிட்டேன். "திரும்பிப் போகாம இங்கனயே இருந்துறலாமான்னு பாக்குறேன். அந்தக் கல்யாண வீட்டு வேல மட்டும் நல்லபடியா அமைஞ்சிருச்சுன்னா, பின்பக்கமே ஒரு பட்டற போட்டுறலாம். அமையலன்னா டிக்கெட்டு இருக்கு, போக வேண்டியதுதான்."

அந்த டிக்கெட்டு அலமாரியில், அத்தர் குப்பிகளுக்குப் பின்னால் இருந்தது. நான் தினமும் அலமாரியைத் திறந்து அது இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒளித்து வைத்துவிட்டால் என்ன என்றுகூட யோசித்தேன். பயத்தில் தொடவில்லை.

கல்யாண வீடு என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். சம்பந்தம் பேசினால் முதலில் வீட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியேறுவார். அதனால் பெண்ணைப் பெற்றவர் வாசல் கதவிலிருந்து கட்டில் வரைக்கும் தன் தகுதியைக் காட்டியாக வேண்டும். அந்த வருஷம் சங்கு வியாபாரி ஒருவர் தன் மகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். அவர் வாப்பாவிடம் சொன்னது இதுதான்: "மொதல்ல வாசக் கதவு ரெண்டையும் நீங்க அந்த மெஷின வச்சுத் தேச்சுக் காட்டுங்க. கண்ணாடி மாதிரி வந்துச்சுன்னா மத்த கதவு, கட்டில், அலமாரி எல்லாம் ஒங்களுக்குத்தான்."

மெஷின் அந்த அளவுக்குப் பேர் வாங்கியிருந்தது. ஒரு பலகையைக்கூடத் தேய்க்காமலேயே பேர் வாங்கியிருந்தது. அதுதான் வினையாகவும் போனது.

சபுராளி வந்துவிட்டால் ஊரே வந்து பார்க்கும். அது மரியாதை. வந்தவருக்குத் தேத்தண்ணி, ஒரு சோப்பு, கையில் கொஞ்சம் அத்தர். அதோடு வாப்பா கொண்டுவந்த சாமானையும் காட்ட வேண்டும். எங்கள் வீட்டில் காட்டுகிற மாதிரி இருந்தது மெஷின் ஒன்றுதான். பச்சை நிறத்தில், இஸ்திரிப் பெட்டி அளவில், துண்டில் சுற்றி ஓலைப் பெட்டிக்குள் இருக்கும். வாப்பா அதை வெளியே எடுத்துத் துடைத்து, சுவிட்சைப் போடுவார். ஊர்ர்ர் என்று ஒரு சத்தம். வந்த பெரியவர் பின்னால் சாய்வார். பிறகு என் மாமா, உம்மாவின் அண்ணன், எந்நேரமும் எங்கள் வீட்டில்தான் இருப்பார், அவர் ஆரம்பிப்பார்: "இதென்ன பாத்தீங்க? உள்ளதக் காட்டுங்க மச்சான், அடித்தட்டக் கழட்டிக் காட்டுங்க."

வாப்பா மெஷினைக் கவிழ்த்து, நாலு ஸ்க்ரூவையும் கழற்றி, ரப்பர் ஒட்டிய அந்த அடித்தட்டைத் தனியாக எடுத்துக் காட்டுவார். "இந்தத் தட்டுதான் ஆடுது. ஒரு நிமிசத்துக்கு எத்தன ஆட்டம்னு நெனைக்கிறீங்க?" யாருக்குத் தெரியும்? "எண்ண முடியாது" என்பார் மாமா. கழற்றிய ஸ்க்ரூ நாலையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்பது என் வேலை. பெரியவர் பார்த்து முடித்ததும் நான் ஒவ்வொன்றாகக் கொடுக்க, வாப்பா திரும்ப மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி முறுக்கு ஒன்று முறுக்குவார். அவர் பட்டறைக் கைக்காரர். அந்தக் கடைசி முறுக்கு எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஒருவருக்குக் காட்டிவிட்டு அடுத்தவருக்குக் காட்டாமல் இருக்க முடியுமா? "மேலத்தெருக்காரனுக்குக் கழட்டிக் காட்டுனாராம், நமக்கு மூடியே காட்டுறாரு" என்று பேச்சு வந்துவிடும். வாப்பாவின் சொந்தம், உம்மாவின் சொந்தம், ஏர்வாடிச் சொந்தம், தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. முட்டு வலிக்காரர் ஒருவர் உப்புத்தாள் போடாமல் தட்டை முழங்காலில் வைக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ், இன்னும் கொஞ்சம் மேல" என்றார். அவர் மூன்று நாள் வந்தார்.

ஸ்க்ரூ இரும்பு. அது போய்ப் பூட்டுகிற துளை, அடித்தட்டுக்கு மேலே இருக்கிற அலுமினியத் தட்டில். அலுமினியம் எவ்வளவு மெத்து என்று நம் வீட்டுச் சட்டிகளைக் கேளுங்கள், சொல்லும். ஒரு மாதத்தில் ஒரு பலகை பார்க்காமல், சொந்தக்காரர்களைப் பார்த்தே அந்த மரை தேய்ந்தது.

நடுவில் என் காது விஷயம் ஒன்று நடந்தது. கரையில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தபோது என் வலது தோட்டின் திருகாணி மணலில் விழுந்து தொலைந்தது. தோடு மட்டும் நல்லவேளை சட்டையில் சிக்கி நின்றது. உம்மா முதலில் முதுகில் இரண்டு வைத்தார். பிறகு ராமநாதபுரத்துக்கு, எங்கள் வாயில் ராம்நாட்டுக்கு, பஸ் ஏற்றிக் கூட்டிப்போய், அவர் வழக்கமாகப் போகும் நகைப் பத்தரின் கடையில் உட்கார வைத்தார். பத்தர் தோட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "திருகாணி தொலஞ்சதுல தப்பில்ல தாயி. சுரையில மரையே இல்ல. புதுச் சுரை வைக்கணும்" என்றார்.

உம்மா தேத்தண்ணி குடிக்கப் போக, நான் மட்டும் அவர் முன்னால் குந்தியிருந்து பார்த்தேன். அவர் ஒரு புதுத் திருகாணியை எடுத்து, அதன் மரைப் பள்ளத்துக்குள்ளேயே முடி மாதிரி ஒரு தங்கக் கம்பியைச் சுற்றிக்கொண்டு போனார். சுற்றிய கம்பியை ஒரு குட்டிக் குழலுக்குள் வைத்து, பற்றவைக்கிற பொடி தூவி, ஊதுகுழலால் நெருப்பை ஊதினார். ஆறியதும் திருகாணியைத் திருகி வெளியே எடுத்தால், கம்பி குழலோடு ஒட்டிக்கொண்டு, உள்ளே மரையாக நின்றது. அவர் எனக்குக் கற்றுக்கொடுக்கவெல்லாம் இல்லை. "வெளிச்சத்த மறைக்காத பாப்பா" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

கதவு தேய்க்கிற நாள் வந்தது. கல்யாண வீட்டு முற்றத்தில் ஒரு கதவைப் பெஞ்சு மேல் படுக்க வைத்திருந்தார்கள். நல்ல தேக்கு. வியாபாரி, அவருடைய பங்காளிகள், மாமா, நான், எல்லாரும் சுற்றி நின்றோம். வாப்பா பிஸ்மில்லா சொல்லி சுவிட்சைப் போட்டார். மெஷின் கதவில் பட்டதும் ஊர்ர்ர் என்பதற்குப் பதிலாகக் கடகடவென்று ஒரு சத்தம் வந்தது. இரண்டு ஸ்க்ரூ தெறித்து விழுந்தன. தட்டு ஒரு பக்கமாகத் தொங்கி, அதன் முனை தேக்கில் இறங்கி, விரல் நீளத்துக்கு ஒரு பள்ளம் போட்டுவிட்டது.

வியாபாரி பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார். "ஒரு வாரம் தாரேன் பாய்" என்றார். சொந்த சனத்தையே வெளியாள் கூப்பிடுகிற மாதிரி அவர் பாய் என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். "அதுக்குள்ள ஆகலன்னா ராம்நாட்டுல ஆள் பாத்துக்கிறேன். கல்யாணத் தேதி நிக்காதுல்ல."

வீட்டுக்கு வந்து மெஷினைக் கவிழ்த்துப் பார்த்தால் நாலு துளையும் வழவழவென்று இருந்தது. ஸ்க்ரூவைப் போட்டால் சும்மா சுற்றியது. மாமா என்னைப் பார்த்தார்.

"இந்தப் புள்ளதான் மச்சான். எப்பப் பாரு அந்த ஸ்க்ரூவக் கையில வச்சு நோண்டிக்கிட்டே இருந்துச்சு. நீங்க இல்லாதப்ப கழட்டி மாட்டி வெளையாண்டிருக்கும்."

நான் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. கழற்றியது யார், முறுக்கியது யார் என்று வாப்பாவுக்குத் தெரியும். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். வாப்பா மெஷினைப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிறேன், முதுகில் வாங்கிய எந்த அடியும் எனக்கு அப்படி வலித்ததில்லை.

இப்போது அந்த வயதைத் தாண்டி வந்த பிறகு அவர் வாய் திறக்காதது எனக்குப் புரிகிறது. ஊர் முழுக்க அவரை வேலை தெரிந்த சபுராளி என்று நம்பியிருந்தது. தன் மெஷினைத் தானே கெடுத்துக்கொண்டவன் என்று தெரிந்தால் யார் கதவைக் கொடுப்பார்கள்? அவருக்குப் பயம். பெரியவர்களுக்கும் பயம் வரும் என்று அப்போது எனக்குத் தெரியாது. புரிகிறது என்று சொன்னேனே தவிர, சரி என்று சொல்லவில்லை.

அடுத்த நாலு நாளும் ஆளாளுக்கு ஒரு வைத்தியம். மாமா துளைக்குள் தீக்குச்சியை ஒடித்துச் சொருகி ஸ்க்ரூவை முறுக்கினார். மெஷின் ஆடிய ஆட்டத்தில் குச்சி தூளாகிக் கொட்டியது. வள்ளத்துக்குப் பலகை இடுக்கில் பஞ்சு அடைக்கிறவர் ஒருவர், "கடலே உள்ள வராம அடைக்கிறேன், இது என்ன பெருசு" என்று பஞ்சில் எண்ணெய் தோய்த்து அடைத்தார். அது எண்ணெயாக ஒழுகியதுதான் மிச்சம். லாஞ்சி இன்ஜின் மெக்கானிக் மட்டும்தான் நேராகப் பேசினார். "தொளையப் பெருசாக்கிப் புது மரை வெட்டணும் பாய். எங்கிட்ட இருக்குற சாமான் எல்லாம் வெரல் தண்டி போல்ட்டுக்கு. அத வச்சு வெட்டுனா தட்டே மிஞ்சாது." வளைகுடாவிலிருந்து புதுத் தட்டு வரவழைக்க, யாராவது ஊர் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

வாப்பா மத்தியானச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. "டிக்கெட்டு தேதி மாத்த வேணாம். அப்படியே இருக்கட்டும்" என்றார் உம்மாவிடம்.

நான் காதைத் திருகிக்கொண்டு நின்றேன், அழுகை வந்தால் திருகாணியைப் பிடித்துத் திருகுவது என் பழக்கம். புதுச் சுரை. கொஞ்சமும் அசையாமல் கெட்டியாக இருந்தது. அங்கேயே நின்று சொல்லிவிட்டேன்.

"வாப்பா, பத்தர்ட்ட கொண்டு போனா சுரை வச்சுத் தருவாரு."

மாமாவுக்குச் சோறு புரையேறிவிட்டது. "ஏ புள்ள, மரை கழண்டது மெஷினுக்கா ஒனக்கா? நக செய்யுற ஆளு மெஷின என்ன பண்ணுவாரு, மூக்குத்தி போட்டு விடுவாரா?"

வாப்பாவும் சிரித்துவிட்டார். பாவப்பட்ட சிரிப்புதான். ஆனால் சிரித்தார். நான் பின்பக்கம் போய்த் தென்னை மரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் உம்மா வந்தார். தட்டுக் கழுவிய ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அவரு எப்படிச் செஞ்சாரு? நீதான பக்கத்துல இருந்த. சொல்லு."

சொன்னேன். கம்பியைச் சுற்றியது, குழலில் வைத்தது, ஊதியது, திருகி எடுத்தது. உம்மா தன் தோட்டைக் கழற்றிச் சுரைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, "நாளைக்கு வாப்பாவும் மாமாவும் மதுரைக்கு சாமான் தேடிப் போறாங்க. நாம ராம்நாட்டுக்குப் போறோம். வாயத் தொறந்த, கொன்னுருவேன்" என்றார்.

மறுநாள் அவர்கள் கிளம்பிய அரை மணியில் உம்மா வெள்ளைத் துப்பட்டியைச் சுற்றிக்கொண்டு ஓலைப் பெட்டியை இடுப்பில் ஏந்தினார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி, "என்னம்மா, கருவாடா?" என்று கேட்டாள். "ஆமா" என்றார் உம்மா.

பத்தர் ஓலைப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது எத்தன பவுனு தாயி?"

"வெளையாடாதீக பத்தரே. மரை போயிருச்சு. சுரை வைக்கணும்."

"நான் இந்த வேலையெல்லாம் பாக்குறதில்லம்மா. வெல்டிங் கடையில குடுங்க."

அவர் பெட்டியை மூடப் போனார். எனக்கு எங்கிருந்துதான் அந்த வாய் வந்ததோ தெரியவில்லை. "எங் காதுல செஞ்சதுதான இதுவும்? தோட்டுக்குச் சுரை இருக்கு, இதுக்குத் தொள இருக்கு. அதுல திருகாணி, இதுல ஸ்க்ரூ. பெருசா இருக்கு, அவ்வளவுதான. பெருசா இருந்தா ஒங்களுக்குக் கண்ணுக்கு நல்லாத்தான தெரியும்?"

உம்மா என் தொடையில் கிள்ளினார். பத்தர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். பிறகு ஒரு ஸ்க்ரூவை எடுத்து வெளிச்சத்தில் உருட்டினார். ஒரு கம்பியைத் துளைக்குள் விட்டுப் பார்த்தார். "எவன்டா இத இப்படிக் கொன்னது?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கையிலிருந்த நகை வேலையை ஓரமாகத் தள்ளி வைத்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இனி இவர் விடமாட்டார்.

பித்தளைக் கம்பி ஒன்றை எடுத்து நெருப்பில் காட்டி மெத்தாக்கினார். ஸ்க்ரூ மேல் காவிக் குழம்பைத் தடவினார். "இல்லன்னா பத்த வைக்கும்போது ஸ்க்ரூவோட ஒட்டிக்கும் தாயி" என்று உம்மாவிடம் விளக்கம் வேறு. பள்ளத்துக்குள் கம்பியைச் சுற்றினார். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே நூல்கூட நுழையாது. அதைப் பித்தளைக் குழலுக்குள் ஏற்றி, ஒரு முனையில் சட்டைப் பித்தான் மாதிரி விளிம்பு வைத்து, பொடி தூவி ஊதினார். கன்னம் இரண்டும் பலூனாக உப்பியது. பொடி உருகி ஓடியது. ஆறும்வரை நாங்கள் மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு குறட்டால் பிடித்து ஸ்க்ரூவைத் திருகினார். முதலில் வரவில்லை. உம்மா உதடு அசைய ஏதோ ஓதினார். கிர்ரென்று ஒரு சத்தம், ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே வெளியே வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். படிக்கட்டு மாதிரி மரை.

ஒன்று ஆனபின் மற்ற மூன்றும் சீக்கிரம் ஆயின. அலுமினியத் தட்டையே தனியாகக் கழற்றி, கையால் சுற்றுகிற டிரில்லால் துளைகளைக் கொஞ்சம் பெரிதாக்கினார். பித்தளைச் சுரைகளை மேல்பக்கத்திலிருந்து இறக்கினார். "விளிம்பு மேல நிக்கும். கீழருந்து ஸ்க்ரூ இழுக்க இழுக்க இது இறுகத்தான் செய்யும், கழலாது." அடியில் நீட்டிக்கொண்டிருந்த முனையைச் சின்னச் சுத்தியலால் தட்டி மடக்கினார். எல்லாம் மாட்டி முடித்து, அடித்தட்டை மட்டும் பிடித்து மெஷினைத் தலைகீழாகத் தூக்கி, புளியங்கிளையை உலுக்குகிற மாதிரி உலுக்கினார். ஒன்றும் அசையவில்லை.

"ஓட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டேன். அவர் கடையில் இருந்தது ஒரு பல்பு மாட்டுகிற இடம் மட்டும். மெஷினின் பிளக் என் கை அளவு. ஆகவே அது ஓடுமா, ஓடினால் நிற்குமா என்று தெரியாமலேயே பஸ் ஏறினோம். வழியெல்லாம் நான் ஒரே பிரார்த்தனையாக வந்தேன்.

வாப்பாவும் மாமாவும் சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துக்கு வெறுங்கையோடு வந்தார்கள். மாமா மதுரைக் கடைக்காரர்களைத் திட்டிக்கொண்டே சட்டையைக் கழற்றினார். உம்மா தேத்தண்ணி கொடுக்கவில்லை. மெஷினை வாப்பா முன்னால் வைத்தார்.

"ஓட்டிப் பாருங்க."

வாப்பா சாய்த்துப் பார்த்தார். நாலு பித்தளைப் பொட்டு. ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றினார், மாட்டினார். பழைய பழக்கத்தில் பல்லைக் கடித்துக் கடைசி முறுக்கு முறுக்கப் போனார். ஸ்க்ரூ டக்கென்று நின்றது. அவர் கை அதற்கு மேல் போகவில்லை. உம்மா அரிவாள்மனையை எடுத்து வந்து அதன் பலகையைக் காட்டினார், வீட்டில் வேறு பலகை ஏது? வாப்பா உப்புத்தாளை மாட்டி, சுவிட்சைப் போட்டு, மெஷினைப் பலகையில் வைத்தார். ஊர்ர்ர். அதே சத்தம். கடகடப்பு இல்லை. பத்து வருஷ வெங்காயக் கறையும் மீன் கறையும் தூளாகப் பறந்து, அடியிலிருந்து வெள்ளை மரம் வந்தது. வாப்பா நிறுத்தவே இல்லை. "போதும், பலகையில ஓட்ட போட்டுறாதீங்க" என்று உம்மாதான் பிளக்கைப் பிடுங்கினார். எனக்கு எகிறிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. குதித்தேன்.

ஆனால் வாப்பா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. பழி இன்னும் என் தலையில்தான் இருந்தது.

மறுநாள் கல்யாண வீட்டு முற்றம். கெடு முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது. போன தடவை நின்றவர்களைவிட இரண்டு மடங்கு கூட்டம், தட்டு மறுபடி பறப்பதைப் பார்க்க வந்தவர்களும் அதில் உண்டு. வாப்பா மெஷினைப் பள்ளம் விழுந்த இடத்திலேயே நேராக வைத்தார். சொரசொரப்பான தாளில் ஆரம்பித்து, அப்புறம் அதைவிட மெல்லியது, அப்புறம் இன்னும் மெல்லியது. மரத்தூள் காற்றில் ஏறி எல்லார் புருவத்திலும் உட்கார்ந்தது. நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்வதற்குள் பள்ளம் இருந்த இடம் தெரியவில்லை. மத்தியானம் சாய்வதற்குள் கதவு இரண்டும் முடிந்தது.

வியாபாரி புறங்கையால் தடவினார். திரும்பவும் தடவினார். உள்ளேயிருந்து கல்யாணப் பெண் பொறுக்க முடியாமல் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வந்து, கதவில் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டு ஓடினாள். கூட்டம் சிரித்தது. வியாபாரி இப்போது வாப்பாவை "மச்சான்" என்று கூப்பிட்டார்.

"அந்தத் தட்ட யாரு மச்சான் சரி பண்ணுனது? மெட்ராஸ் ஆளா?"

மாமா முன்னால் வந்தார். "நாங்க மதுரைக்குப் போயிருந்தோம்ல..." என்று தொடங்கினார். அவர் எப்போதும் தொடங்கிவிடுவார்.

வாப்பா மெஷினைக் கீழே வைத்தார். கூட்டத்தில் என்னைத் தேடினார். "இங்கன வா புள்ள" என்றார். நான் போகவில்லை. அவரே வந்து, மரத்தூள் அப்பிய கையால் என் கையைப் பிடித்து, கதவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அவர் குரல் கேசட்டில் வருகிற குரல் மாதிரியே இல்லை.

"கெடுத்தது நாந்தான். வாறவுக போறவுகளுக்கெல்லாம் கழட்டிக் கழட்டிக் காட்டி, முறுக்கி முறுக்கி, நானே கெடுத்தேன். பழி இந்தப் புள்ள மேல விழுந்துச்சு, நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். அல்லா மன்னிக்கணும். சரி பண்ணுனது ராம்நாட்டுப் பத்தரு. வழி சொன்னது எம்மக. நாங்க எல்லாம் சிரிச்சோம். இவ சொன்னதுதான் நின்னுச்சு."

அந்த முற்றத்தில் அத்தனை ஆண்களுக்கு நடுவில், எண்ணெய் வழிகிற இரட்டைச் சடையோடு நின்றுகொண்டிருந்த எனக்கு எப்படி இருந்தது என்று சொல்ல இத்தனை வருஷமாக வார்த்தை தேடுகிறேன். ராணி மாதிரி இருந்தது. வேறு வார்த்தை கிடைக்கவில்லை. மாமா மரத்தூளைத் தட்டிவிடுகிற சாக்கில் வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். அவருடைய மன்னிப்பு அந்த சோடாதான். நானும் கடைசிச் சொட்டு வரை குடித்து அதை ஏற்றுக்கொண்டேன்.

டிக்கெட்டு தேதி அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து வந்தது. அன்று காலை கண் விழித்ததும் நேராக அலமாரிக்கு ஓடினேன். அத்தர் குப்பிகளுக்குப் பின்னால் டிக்கெட்டு அப்படியே இருந்தது. பின்பக்கத்திலிருந்து ஊர்ர்ர் என்ற சத்தம் வந்தது. ஓலைக் கொட்டகையின் கீழே வாப்பா கல்யாணக் கட்டிலின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். விமானம் ஏற வாப்பா போக வேண்டிய மெட்ராஸ் பஸ்ஸின் நேரம் வந்தது. கடைத்தெருவில் அதன் ஹாரன் கேட்டது. வாப்பா நிமிரவில்லை.

அப்போது ஏர்வாடியிலிருந்து ஒரு பெரியவர், வாப்பாவை வழியனுப்ப என்று அல்வாப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தார். பயணம் இல்லை என்று கேட்டதும் சந்தோஷப்பட்டு உட்கார்ந்தார். கண் மெஷின் மேல் போனது.

"இதுதானா அது? உள்ள எப்படி இருக்கும்னு கொஞ்சம் கழட்டிக் காட்டுங்களேன். எல்லாருக்கும் காட்டுனீங்களாமே."

வாப்பா சுவிட்சை அணைத்தார். முகத்தைத் துடைத்தார். என்னைப் பார்த்தார்.

"அத எங்கிட்ட கேக்கக் கூடாது மாமா. எம்மககிட்டதான் கேக்கணும்."

பெரியவர் என் பக்கம் திரும்பி, பல் இல்லாத வாயால் அழகாகச் சிரித்தார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அல்வா வேறு கொண்டு வந்திருக்கிறார்.

"முடியாது" என்றேன்.